‘ரூ’ என்னும் ஓரெழுத்துச் சொல்: புதுச்சேரியில் ஒலியும் உறவும்

தமிழ் இலக்கண மரபு, ஓர் எழுத்தே தனித்து நின்று பொருள் தருமாயின் அதனை ஓரெழுத்து ஒருமொழி எனப் பெயரிட்டுத் தனியே எண்ணி வைத்திருக்கிறது. ஆ என்பது பசு, கோ என்பது அரசன், தீ என்பது நெருப்பு, பூ என்பது மலர் என்றவாறு நெடில்கள் 40, நொ, து என்னும் குறில்கள் 2, ஆக 42 சொற்கள் என்று 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் கணக்குத் தருகிறது. அந்தக் கணக்கில் ‘ரூ’ இல்லை; தொல்காப்பியமே மொழிக்கு முதலாகும் எழுத்துகளைச் சொல்லுமிடத்தில் ரகரத்தை ஏற்காமல் விட்டுவிட்டதனால், அது இடம்பெற வழியும் இல்லை. ராமன் இராமன் ஆனதும், ரோமம் உரோமம் ஆனதும், ரூபாய் சென்ற தலைமுறையின் ஏடுகளில் உரூபாய் என எழுதப்பட்டதும் இந்த விதியால்தான்.

ஆயினும் தமிழ் வழங்கும் ஊர்களுள் ஒன்றில் மட்டும், இலக்கணம் இடமளிக்காத இந்த ஓரெழுத்து, ஒரே சுவரில் இரண்டு பொருளில் எதிர்ப்படுகிறது. புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடற்கரை வரையுள்ள பகுதியில், வீட்டு மூலைகளில் பதித்த நீலநிறப் பெயர்ப் பலகைகளின் பிரெஞ்சு வரி ‘ரூ’ என்று தொடங்கி அதன்பின் துய்மா, சுய்ப்ரேன், ரொமேன் ரோலான் முதலிய பெயர்களுள் ஒன்றைத் தாங்குகிறது. அதற்கு இணையான தமிழ் வரியில் பெயர் முன்னே நின்று ‘வீதி’ என்பது பின்னே வருகிறது. அதே மூலையில் இளநீர் விற்பவர் தொங்கவிட்ட அட்டையில் ‘ரூ’ என்ற எழுத்தும் ஒரு புள்ளியும் அதன்பின் விலையும் இருக்கும். முதலாவது தெரு; இரண்டாவது பணம். தமிழெழுத்தில் எழுதினால் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. இவ்வொப்புமை எவ்வளவு ஆழமானது, அதிலிருந்து சொற்களின் உறவைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதே இச்சொற்பொழிவின் பொருள்.

தெருவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வது முறை. அதன் மூலம் இலத்தீன் மொழியின் ‘ரூகா’; பொருள், தோலில் விழும் சுருக்கம், திரை. முகத்தில் விழும் கோட்டுக்கு வழங்கிய அச்சொல், பிற்கால இலத்தீனில் இருபுறமும் வீடுகள் எழுந்து நிற்க நடுவே பள்ளமாக ஓடும் பாதையைக் குறிக்கலாயிற்று. உயிரெழுத்துகள் இரண்டுக்கு நடுவே நிற்கும் ககர ஒலி பிரெஞ்சில் தேய்ந்து மறைவது இயல்பாதலால், ரூகா என்பது காலப்போக்கில் ரூ ஆயிற்று. போர்த்துக்கீசியம் அதே சொல்லை ‘ருவா’ என வைத்திருக்கிறது. கோவாவில் பழைய தெருப்பெயர்கள் சிலவற்றில் அச்சொல்லை இன்றும் பார்க்கலாம்.

இந்த இடத்தில் பிரெஞ்சு மொழிக்குள்ளேயே நேர்ந்த ஒரு விபத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இலத்தீனில் ‘ரூத்தா’ என்று ஒரு மூலிகைப் பெயர் உண்டு. கசப்பும் கடுமணமும் உடைய அந்தச் செடியைத் தமிழ் மருத்துவ நூல்கள் அருவதா என்று சொல்லும். உயிர்களுக்கு இடைப்பட்ட தகரமும் பிரெஞ்சில் மறையும் என்பது மற்றொரு விதி. வாழ்வைக் குறித்த இலத்தீன் ‘வீத்தா’ பிரெஞ்சில் ‘வீ’ ஆனது இந்த விதியால்தான். அவ்வாறே ரூத்தாவும் ரூ ஆயிற்று. ஆகவே பிரெஞ்சுக்காரர் வாயில் தெருவும் மூலிகையும் ஒரே ஒலியாய், ஒரே எழுத்துக்கூட்டாய் நிற்கின்றன. போர்த்துக்கீசியத்திலோ தெரு ‘ருவா’, மூலிகை ‘அர்ருதா’, இரண்டும் கலக்கவில்லை. பிறப்பில் எவ்விதத் தொடர்பும் அற்ற இரு சொற்கள், ஒலித்தேய்வு என்னும் ஒரே காரணத்தால் ஓருருவம் பெறுவதை மொழியியலார் ஒப்பொலிச் சொற்கள் என்பர். தமிழில் ஆறு என்பது நீர் ஓடும் வழியையும் ஆறாம் எண்ணையும் குறிப்பதைப் போன்றது இது.

ஆங்கிலமும் இந்த மூலிகைப் பெயரைப் பிரெஞ்சிலிருந்து பெற்றுக்கொண்டது. ஆனால் ஆங்கிலத்துக்கு இதே ஒலியில், இதே எழுத்துக்கூட்டில், சொந்தமாகவே வேறொரு சொல் முன்பே இருந்தது; அதற்கு வருந்துதல், செய்ததை எண்ணி மனம் நோதல் என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்ரேயொ’ என்று தொடங்கிய இச்சொல்லின் உடன்பிறப்பு ஜெர்மன் மொழியின் ‘ரொயெ’. கசப்பான செடியும் கசப்பான நினைவும் ஒரே பெயரில் அமைந்துவிட்டதை ஷேக்ஸ்பியர் விடவில்லை. ஹாம்லெட் நாடகத்தில் மனம் பேதலித்த ஒபீலியா பூக்களையும் மூலிகைகளையும் பகிர்ந்து கொடுக்கும் காட்சியில் இந்த இரட்டைப் பொருள்தான் வேலை செய்கிறது. தமிழ்ப் புலவர் சிலேடை என்று போற்றும் அணி ஒப்பொலிச் சொற்களாலேயே வாழ்கிறது. கவிஞனுக்கு அது செல்வம். சொற்பிறப்பு ஆய்வாளன் அச்சமின்றி நெருங்கக்கூடாத இடமும் அதுவே.

இனிப் பணத்தின் ரூ. இது ரூபாய் என்பதன் சுருக்கம் என்பதை விளக்க வேண்டியதில்லை. ரூபாய்க்கு அடி வடமொழியின் ‘ரூப்ய’. அதற்கு அடி ‘ரூப’, அதாவது உருவம். பாணினி தம் இலக்கணத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில், ரூப என்னும் சொல்லோடு ஒரு விகுதி சேர்ந்து, உருப் பொறிக்கப்பட்டது என்ற பொருளையும் அழகுடையது என்ற பொருளையும் தரும் என்று விதி செய்கிறார். உலோகத் துண்டின்மேல் அச்சடித்துப் பெறப்பட்ட உருவமே அதைக் காசாக்குகிறது என்ற எண்ணம் அந்த விதிக்குள் இருக்கிறது. அர்த்தசாஸ்திரம் நாணயத்தைச் சோதித்துப் பார்க்கும் அதிகாரியை ‘ரூபதர்சக’ என்று குறிக்கும். பின்னர் அச்சொல் காசுக்கு வழங்கிய உலோகத்துக்கே பெயராகி, ரூப்ய என்றால் வெள்ளி என்றும் ஆயிற்று. 1540 முதல் 1545 வரை வட இந்தியாவை ஆண்ட ஷேர்ஷா, ஏறத்தாழ 11½ கிராம் எடையுள்ள வெள்ளி நாணயத்தை நிலைப்படுத்தி வழங்கியபோது ரூபாய் அரசுக் கணக்கின் அலகாக உறுதிப்பட்டது. முகலாயர் அதை அப்படியே மேற்கொண்டனர்.

புதுச்சேரிக்கு இந்த நாணயம் வந்த வழியும் இவ்விடத்தில் சொல்லத்தக்கது. 1736ஆம் ஆண்டு ஆளுநர் துய்மா, ஆற்காட்டு நவாபு தோஸ்து அலிகானிடமிருந்து ரூபாய் அச்சடிக்கும் உரிமையைப் பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில்தான் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கினார். பிரெஞ்சுக் கும்பினி, பிரெஞ்சுக் கொடி பறந்த ஊரில் அடித்த அந்த வெள்ளி நாணயத்தில் பிரெஞ்சு எழுத்து ஒன்றும் இல்லை. பாரசீக எழுத்தில் தில்லி முகலாயப் பேரரசரின் பெயரும், அடித்த இடம் என ஆற்காட்டின் பெயருமே இருந்தன. அந்த நாணயத்தைப் பிரெஞ்சுக் கணக்கர் ‘ரூப்பி’ என்று பேரேட்டில் பதிந்தார். தமிழ்த் தரகர் உரூபாய் என்று ஓலையிலும் தாளிலும் எழுதினார். வடமொழியில் பிறந்து, இந்துஸ்தானி வழியே வளர்ந்து, பாரசீக எழுத்து ஏந்தி, பிரெஞ்சுக்காரர் கையால் அடிபட்டு, தமிழர் மடியில் முடியப்பட்ட பொருள் அது. பிரெஞ்சுக்காரர்க்கு இச்சொல் காதில் விழும்போது வேறு ஒன்றும் நினைவுக்கு வந்திருக்கும்: அவர்கள் மொழியில் 13ஆம் நூற்றாண்டு முதலே ‘ரூப்பி’ என்பதற்கு மூக்கு நுனியில் தொங்கும் நீர்த்துளி என்று பொருள், மதிப்பற்ற பொருளைச் சுட்டும் ஒரு வழக்குத் தொடரிலும் அது இடம்பெறுகிறது. பிறப்பால் இதற்கும் வெள்ளிக் காசுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

அந்த நாணயத்தின் எழுத்தாகிய பாரசீகத்திலும் ‘ரூ’ ஒரு சொல்லே. அதன் பொருள் முகம். நேருக்கு நேர் என்பதை இந்தியிலும் உருதுவிலும் ‘ரூபரூ’ என்பர். முகத்தோடு முகம் என்பதே அதன் சொற்பொருள். மானத்தைக் குறிக்கும் ‘ஆப்ரூ’ என்ற சொல்லில் உள்ள ரூவும் இதுவே. ஆப் என்பது நீர், ஆகவே முகத்தின் நீரோட்டம், பொலிவு என்று விரியும். இந்தப் பாரசீக ரூ, வளர்ச்சியையும் தோற்றத்தையும் குறித்த பழைய ஈரானியச் சொல்லின் தேய்ந்த வடிவம்; வளர்தலையும் ஏறுதலையும் குறிக்கும் வடமொழி வேரோடு அது உறவுடையது, இசையில் வழங்கும் ஆரோகணம் அந்த வேரிலிருந்து வந்தது. நாணயத்துக்கு முகம் உண்டு, முகத்துக்குப் பாரசீகத்தில் ரூ, ஆகவே ரூபாய் என்று இணைத்துவிடத் தோன்றும் அளவுக்கு இங்கே பொருள் நெருங்கி வருகிறது. அந்த இணைப்பு தவறு. ரூப வேறு, பாரசீக ரூ வேறு.

இவ்வாறு பொருளும் ஒலியும் ஒருங்கே நெருங்கி வந்து ஏமாற்றும் இடங்கள்தாம் மிகுந்த கவனம் வேண்டுபவை. காசு என்ற சொல்லின் கதை இதற்குத் தலைசிறந்த சான்று. சோழர் கல்வெட்டுகளில் வழங்கும் காசு, போர்த்துக்கீசியர் வாயில் ‘கைஷா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘கேஷ்’ ஆகி, இந்தியச் செப்புக் காசுக்கும் பின்னர் நடுவில் துளையுள்ள சீன நாணயத்துக்கும் பெயராயிற்று. பிரெஞ்சிலும் அது ‘காஷ்’ எனப் புதுச்சேரிக் கணக்குகளில் ஏறியது. ஆனால் கையிருப்புப் பணம் என்ற பொருளில் இன்று உலகெங்கும் வழங்கும் ஆங்கிலக் ‘கேஷ்’ தமிழிலிருந்து வந்ததன்று. அது பெட்டி என்னும் பொருளுடைய இலத்தீன் ‘காப்சா’, அதன் வழிவந்த இத்தாலிய ‘காஸ்ஸா’, பிரெஞ்சுக் ‘கேஸ்’ ஆகியவற்றின் மரபு: பணம் வைக்கும் பெட்டி, பிறகு பெட்டியிலுள்ள பணம். ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வந்து காசைக் கேட்டபோது, தம் மொழியில் அதே போன்ற சொல் முன்பே இருந்ததால் இரண்டையும் ஒரே எழுத்துக்கூட்டில் எழுதினர். தமிழ்க் காசிலிருந்தே உலகத்தின் கேஷ் பிறந்தது என்று மேடைகளில் சொல்லப்படும்போது எழும் கைதட்டல், தமிழுக்குப் பெருமை சேர்ப்பதாகாது. தமிழ் உண்மையாகவே உலகுக்குக் கொடுத்த சொற்கள் பல; அவற்றின் மதிப்பை இத்தகைய பொய்க்கணக்கு குறைத்துவிடுகிறது.

பணம் என்ற சொல்லும் புதுச்சேரியில் இதே போன்ற பாதையில் நடந்தது. போர்த்துக்கீசியர் அதை ‘பனாவ்’ எனும் ஓசையில், முதலெழுத்தை ஆங்கில எஃப் போல உரசி ஒலித்தனர். பிரெஞ்சுக்காரர் அதனை ‘ஃபனோன்’ ஆக்கி, எட்டு ஃபனோன் ஒரு ரூபாய் என்று கணக்கிட்டு, புதுச்சேரிக்கென்றே சிறு வெள்ளி நாணயமாக அடித்தனர். பிரெஞ்சில் அதே வடிவில் முன்பே இருந்த ‘ஃபனோன்’ மாட்டின் கழுத்தில் தொங்கும் அலைதாடிக்குப் பெயர்; அது துணியைக் குறித்த ஒரு ஜெர்மானியச் சொல்லின் வழிவந்தது.

இதுவரை கூறியவற்றில் ஒலி ஒன்றாயிருந்து உறவு இல்லாத சொற்களே வந்தன. உறவு இருந்து ஒலி வேறாகிப்போன சொற்களும் உண்டு. அவற்றுள் ஒன்று, வியக்கத்தக்க முறையில், தமிழெழுத்தில் எழுதினால் மீண்டும் ‘ரூ’ என்றே அமைகிறது. தெருவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை உள்ளபடி ஒலிக்க வேண்டுமானால், இகரத்தை ஒலிப்பதற்கு நாக்கை எந்நிலையில் வைப்போமோ அந்நிலையிலேயே நிறுத்தி, உதடுகளை மட்டும் ஊகாரத்துக்குக் குவிக்க வேண்டும். தமிழில் அவ்வுயிர் இல்லை, அதற்கு எழுத்தும் இல்லை. துய்மா, சுய்ப்ரேன் என்று ‘உய்’ சேர்த்துப் புதுச்சேரித் தமிழர் எழுதுவது அந்த ஒலியை எட்டிப்பிடிக்கச் செய்த நல்ல முயற்சி. ரூ என்று நம் எழுத்து காட்டும் ஒலி, பிரெஞ்சுக்காரர் காதுக்குத் தெருவாகக் கேட்காது, சக்கரமாகக் கேட்கும். சக்கரத்துக்குப் பிரெஞ்சில் பெயர் இந்த இரண்டாவது ‘ரூ’. அதன் மூலம் இலத்தீன் ‘ரோத்தா’. முன் சொன்ன விதிப்படி இடைத்தகரம் மறைந்தது.

இந்த ரோத்தாவின் உடன்பிறப்பு வடமொழியில் ‘ரத’, அதாவது தேர். இலத்தீனில் ஒகரம் நிற்குமிடத்தில் வடமொழியில் அகரம் நிற்பது ஒழுங்காகக் காணப்படுவது: எட்டுக்கு இலத்தீன் ‘ஒக்தோ’, வடமொழி ‘அஷ்ட’, இரவுக்கு இலத்தீன் ‘நொக்ஸ்’, வடமொழி ‘நக்த’. இத்தகைய ஒழுங்கு ஒரு சொல்லில் மட்டும் காணப்பட்டால் தற்செயல். சொல்லுக்குச் சொல், நூற்றுக்கணக்கில் தொடர்ந்து காணப்பட்டால் அது பொதுமூலத்தின் அடையாளம். புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேரைப் பிரெஞ்சு ஆளுநர் வடம்பிடித்துத் தொடங்கிவைக்கும் வழக்கம் இருந்தது. இன்று துணைநிலை ஆளுநர் அதைத் தொடர்கிறார். அந்த ஆளுநர்கள் தொட்டு இழுத்த ரதத்தின் பெயரும், அதன் அடியில் உருண்ட உருளைக்கு அவர்கள் தாய்மொழியில் வழங்கிய பெயரும் ஒரே மூதாதையின் வழிவந்தவை. ரூவும் ரதமும் காதுக்கு ஒத்திருக்கவில்லை. ஆனால் உறவு உண்மை. கடற்கரைச் சாலையில் 2014இல் இடிந்து மீண்டும் எழுப்பப்பட்ட ‘மேரி’ கட்டடமும் இவ்வாறே. வெளியூரார் மேரி என்னும் அன்னையின் பெயரென்று கருதும் அது, நகராட்சியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். பெரியவர் என்னும் பொருளுடைய இலத்தீன் ‘மாயோர்’ அதன் அடி. அதன் வேரும் வடமொழி மகத், மகா ஆகியவற்றின் வேரும் ஒன்றே.

இத்தகைய உறவை இந்தியாவில் இருந்துகொண்டு கண்டெழுதிய முன்னோடிகளுள் ஒருவர் இந்தப் புதுச்சேரியில் வாழ்ந்தவர் என்பது இந்நகரத்தார் பலரும் அறியாத செய்தி. காஸ்தோன் லோரான் கேர்தூ என்னும் பிரெஞ்சு சேசு சபைத் துறவி 1732இல் இந்தியா வந்து, தெலுங்கிலும் வடமொழியிலும் தேர்ந்து, தெலுங்கு அகராதியும் தொகுத்தவர். 1767இல் பாரிசிலிருந்த அறிஞர் பார்தெலெமி கேட்டிருந்த வினாவுக்கு விடையாக அவர் ஒரு நீண்ட மடல் எழுதினார். வடமொழியில் இலத்தீனோடும் கிரேக்கத்தோடும் ஒத்த சொற்கள் இத்தனை இருப்பது எதனால் என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். தானம் என்பதற்கு ‘தோனும்’, விதவா என்பதற்கு ‘விதுவா’ என்று சொற்பட்டியல்களை அவர் அடுக்கினார். வாணிகத்தால் வந்திருக்கலாமா, கல்வியால் வந்திருக்கலாமா, அண்டை வாழ்வால் வந்திருக்கலாமா என ஒவ்வொரு காரணத்தையும் நிறுத்துப் பார்த்துத் தள்ளினார். எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வினைவடிவம் போன்ற அடிப்படைக் கூறுகள் கடனாகப் பெறப்படுவன அல்ல ஆதலின் பொதுவான பிறப்பே காரணம் என்ற முடிவுக்கு வந்தார். கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் புகழ்பெற்ற தம் உரையை ஆற்றியது 1786இல். கேர்தூ 1779இலேயே புதுச்சேரியில் இறந்துவிட்டார். அவருடைய மடலோ 1808 வரை பாரிசில் அச்சேறாமல் கிடந்தது. முன்னே கண்டவருக்குப் பெயர் கிடைக்காமல் போனதை எண்ணும்போது எழும் வருத்தம் நியாயமானதே. ஆயினும் அவருடைய முறையே அவரைவிட முக்கியமானது. அவர் ஒலியொப்புமையைக் கண்டு மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. வேறு விளக்கம் உண்டா என்று தம்மைத் தாமே மறுத்துப் பார்த்தார்.

அதே முறை தமிழுக்கும் பெரும்பயன் தந்தது. சென்னைக் கோட்டைக் கல்லூரியைச் சார்ந்த பிரான்சிஸ் எல்லிஸ் 1816இல் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக்குடும்பம் என்று நிறுவியதும், 1856இல் கால்டுவெல் அதனை விரிவாக்கியதும் ஒலி ஒழுங்கின் துணையால்தான். தமிழில் பகரம் முதலாகும் சொற்கள் கன்னடத்தில் ஹகரம் முதலாக நிற்கின்றன: பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, ஓரெழுத்துப் பூவும் ஹூ. வடமொழிச் சார்பிலிருந்து தமிழை விடுவித்த சான்று இந்த ஒழுங்கே. அத்தகைய சான்றால் தன் தனித்தன்மையை நிலைநாட்டிக்கொண்ட மொழியின் மக்கள், காதுக்கு ஒத்ததையெல்லாம் தமிழென்று சொல்லும் பழக்கத்துக்கு இடங்கொடுப்பது, தம் வீட்டுப் பத்திரத்தைத் தாமே செல்லாததாக்கிக் கொள்வதற்கு ஒப்பாகும்.

ஆனால் உண்மையான வழக்கு ஒன்று இன்னும் தீராமல் இருக்கிறது; அது ரூபாயின் அடிச்சொல்லாகிய ரூப என்பதையே பற்றியது. இருக்கு வேதத்திலேயே வழங்கும் இச்சொல்லுக்கு, இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தின் மற்ற கிளைகளில் உறுதியான உடன்பிறப்பு காட்டப்படவில்லை. தமிழிலோ சங்க நூல்களில் உரு பல பொருள்களில் பயின்று வருகிறது. உருவு, உருபு, உருவம் என்று கிளைத்தும் நிற்கிறது. உருவே வடக்கே சென்று ரூப ஆயிற்றென்று கருதும் அறிஞரும் உண்டு, ரூபவே தெற்கே வந்து உரு ஆயிற்றென்று கருதுவோரும் உண்டு. முன்சொன்ன மொழிமுதல் விதி இரண்டாம் தரப்புக்குச் சாதகமாகத் தோன்றும். ரகரத்தில் தொடங்கும் அயற்சொல் தமிழுக்குள் வந்தால் முன்னே ஓர் உகரம் பெறுவது இயல்பல்லவா?

முதல் தரப்பார் தெலுங்கைச் சுட்டிக்காட்டுவர். தமிழில் உயிர் முதலாகி அடுத்து ரகரம் வரும் சொற்கள் தெலுங்கில் அந்த உயிரை இழந்தோ இடம்மாற்றியோ ரகர முதலாவது வழக்கம்: உரல் ‘ரோலு’, இரண்டு ‘ரெண்டு’. பேச்சுத் தமிழும் அந்த வழியில் வெகுதூரம் வந்துவிட்டது. புதுச்சேரி குபேர் அங்காடியில் ‘ரெண்டு ரூவா’ என்று சொல்பவர் வாயில், தொல்காப்பியம் விலக்கிய ரகரம் அடுத்தடுத்து இரண்டு முறை மொழிமுதலாகிறது. ஒன்று தமிழ் இரண்டு தன் இகரத்தை இழந்ததனால், மற்றொன்று அயற்சொல் தன் உகரத்தைத் துறந்ததனால். ஆகவே திராவிட உரு, ரூ என்று தொடங்கும் வடிவம் பெறுவது நடக்கக்கூடாத செயலன்று. இடர் காலத்தில்தான் இருக்கிறது. தெலுங்கில் இந்த மாற்றம் நிகழ்ந்தது வேத காலத்துக்கு மிகவும் பிற்பட்டு. தமிழ்ப் பேச்சில் அதனினும் பிற்பட்டு. இருக்கு வேதத்தில் ரூப நிற்பதற்கு இந்தப் பிற்கால மாற்றத்தைக் காரணமாகக் காட்ட இயலாது. அதற்கு முன்னரே வேறொரு திராவிட மொழியில் அத்தகைய மாற்றம் நிகழ்ந்ததென்று தனியே நிறுவ வேண்டும்.

எழுத்தின் அளவில் ரூவுக்கு அண்மையில் புதிய வாழ்வும் வந்திருக்கிறது. தமிழில் ரூபாய்க்கெனப் பழைய சுருக்கக் குறி ஒன்று இருந்தது, இன்று அதைப் படிக்கத் தெரிந்தவர் சிலரே. 2010 ஜூலை 15 அன்று நடுவணரசு ஏற்ற புதிய ரூபாய்க் குறியீடு, தமிழரான உதயகுமார் தேவநாகரி ரகரத்தையும் உரோமன் எழுத்தையும் இணைத்து வரைந்தது. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு வரவுசெலவுத் திட்டத்தின் இலச்சினையில் அக்குறியீட்டுக்குப் பதிலாகத் தமிழ் ‘ரூ’ இடம்பெற்றபோது, நாடெங்கும் அதைப் பற்றிய வாதம் எழுந்தது. எழுத்து தமிழ், சொல்லின் பிறப்போ மேலே கூறிய வழக்கில் நிலுவையிலுள்ளது.

அந்த வழக்கில் தீர்ப்புக்குத் தேவையான சான்றுகள் எவை என்பது தெளிவு. உரு என்பதன் இனச்சொற்கள், வடமொழித் தாக்கம் குறைவாகப் பெற்ற நடுத்திராவிட, வடதிராவிட மொழிகளில் உள்ளனவா, இருப்பின் அவை ரூபவிலிருந்து பின்னாளில் பெற்ற கடனா, சொந்தமா என்று பிரித்தறிய வேண்டும்; கூயி, குவி, கோண்டி, குருக், மால்தோ போன்ற மொழிகளைப் பேசுவோரிடம் சென்று சொற்களைத் திரட்டும் களப்பணி அதற்கு வேண்டும்.  அம்மொழிகளைப் பேசுவோரின் பிள்ளைகள் பலர் ஒடியாவுக்கும் இந்திக்கும் மாறிக்கொண்டிருக்கிறார்கள்.